கண் வைத்த பட்டை

வேர்டின் தலைமாட்டில் அந்தப் பட்டை எப்போது வந்து குந்தியதென்று பிரியவதனிக்குத் தெரியாது. திங்கள் காலை கணினியைத் திறந்தபோது இருந்தது. நீல நிறம், நடுவில் ஒரு கண் படம். அது தன்னையே பார்ப்பதாக அவளுக்குப் பட்டது.

வேறு நாளென்றால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பாள். அன்று திறந்ததோ இடமாற்ற விண்ணப்பம். புங்குடுதீவுப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடமாக எழுதுவினைஞர். கோண்டாவிலிலிருந்து தினமும் வந்துபோய் முதுகு விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வலயக் கல்விக் கந்தோரில் விண்ணப்பம் கொடுபட வேண்டும். அதற்குமுன் அதிபர் மயூரநாதனின் காதில் விழக்கூடாது. போனமுறை இடமாற்றம் கேட்டவரை மனிசன் கெஞ்சிக் கெஞ்சியே நிறுத்திவிட்டார்.

மூன்று பக்கத்தில் கொட்டித் தீர்த்திருந்தாள். முதலாம் பக்கத்தில் கால் ஆடும் கதிரை, இரண்டாம் பக்கத்தில் வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீர், மூன்றாம் பக்கத்தில் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் நின்று வருகிற கொடுமை.

பிரிண்ட் கொடுத்தாள். பக்கத்து அறையிலிருந்த பிரிண்டர் மூச்சுவிடவில்லை. திரும்ப அமத்தினாள். வந்த கோபத்தில் இருபது தரமாவது அமத்தியிருப்பாள்.

கணினி ஆசிரியை கஜானி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பட்டை பிடிஎஃப் மாத்திறதுக்கு நான் போட்டது அக்கா. ஒண்டும் செய்யாது, கிடக்கட்டும்."

கிடக்கட்டுமாம். கஜானி அதிபரின் தமையன் மகள், பெறாமகள் அல்லவா? பிரியவதனிக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் கண் ஒழியாமல் விண்ணப்பத்தை இனித் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒப்ஷன்ஸுக்குள் நுழைந்து, அட்-இன்ஸ் பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் இருந்த சரி அடையாளத்தை எடுத்தாள். மூடித் திறந்தாள். கண் அப்படியே இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் விளையாட்டுப் போட்டி அறிவித்தலையும் பிரிண்டருக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்புகிற வீடு அறுபது. பிரிண்டரைப் பார்த்துக்கொள்வது சிற்றூழியர் அன்னப்பிள்ளை. தாள் விலை ஏறிய நாள்தொட்டு புதுத்தாளை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிற மனிசி.

"பிரிண்டரடியிலை கிடந்த ஒருபக்கம் அடிச்ச தாளிலையே அடிச்சு எல்லா வீட்டுக்கும் குடுத்தனுப்பிட்டன் பிள்ளை."

"நல்லது அக்கா," என்றாள் பிரியவதனி, திரையை விட்டுத் திரும்பாமல்.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறினாள். கொண்டக்டர் குருசுமுத்து முன்சீற்றில் கிடந்த தன் துவாயை எடுத்தார். அவருடைய மகளும் அதே பள்ளிக்கூடம்தான்.

"இதிலை இரும் தங்கச்சி. இனி இது உமக்குத்தான்."

எட்டு வருடத்தில் இல்லாத உபசாரம். இருக்கப் பயமாயிருந்தது. பள்ளிக்கூடக் கந்தோருக்குள் போனால் அவள் மேசையடியில் புதுக் கதிரை.

"ஆர் சேர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மாதான்," என்ற அதிபர் அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பத்து மணிக்கு ஒரு மாணவனின் தாய் சீதேவி தண்ணீர்க் கானோடு வந்து நின்றாள். "நல்ல தண்ணி அக்கா. நாளைக்கும் கொண்டுவாறன்."

கதிரை, தண்ணீர், பஸ். பிரியவதனி விரல்விட்டு எண்ணினாள். கண் வரிக்கு வரி வாசித்து ஊருக்கே சொல்லியிருக்கிறது.

கஜானியிடம் கேட்பாளா? தானே தேடி, பட்டைகளை இலவசமாக நீக்கித் தருகிறேன் என்ற மென்பொருள் ஒன்றை இறக்கினாள். அது வந்த வேகத்தில் தமிழ் விசைப்பலகையை நீக்கியது, பிறகு தன் பங்குக்கு இரண்டு பட்டை போட்டது. இப்போது மூன்று.

வியாழக்கிழமை துணிந்துவிட்டாள். திரையில் இருந்த விண்ணப்பத்தின் சின்னப் படத்தைப் பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டாள். கணினிக்குள் கிடந்த கோப்பை அழித்தாள். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினாள். இனி எதை வாசிக்கும், பார்ப்போம்.

பின்னேரம் பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் பென்டிரைவைக் கொடுத்தாள். அதற்குள் இருந்தது கடிதமல்ல, கடிதம் இருந்த இடத்தைக் காட்டுகிற வெறும் அம்புக்குறி, ஷோர்ட்கட்.

வெள்ளி காலை, அதே முன்சீற்றில் இருந்து தமக்கைக்குப் போன் எடுத்தாள்.

"எல்லாம் போச்சு அக்கா. என்ரை கையாலையே விண்ணப்பத்தை அழிச்சுப்போட்டன். பன்னிரண்டு மணிக்குள்ளை முழுக்கத் திருப்பி எழுத ஏலாது. ஒரு பிரதியும் இல்லை." அழுதுவிட்டாள்.

ரிக்கற் கிழித்துக்கொண்டு நின்ற குருசுமுத்து குனிந்தார்.

"அதுக்கேன் அழுறீர் தங்கச்சி? விளையாட்டுப்போட்டி நோட்டீசின்ரை பின்பக்கத்திலை ஊர் முழுக்கக் கிடக்கு. எங்கட வீட்டுக்கு மூண்டாம் பக்கம், சீதேவி வீட்டுக்கு ரண்டாம் பக்கம், முதலாம் பக்கத்துக்குத்தான் அதிபரைக் கேக்கோணும்."