சிடி இல்லாத டப்பா

சரக்கு வந்தால் முத்திரையைப் பார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பிரி. எண்ணு. குறைந்தால் அன்றைக்கே குறைபாட்டு அறிக்கை எழுது. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்துநான்கு வருடம் நான் கடைப்பிடித்த விதி இது. இதனால் அரசாங்கத்துக்கு ஒரு போல்ட்டுகூட நட்டமானதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வீடியோ கேமுக்காக இதே விதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்தேன்.

ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலேயே மதிய இடைவேளையில் அதில் கார் கேம் ஓட்டியவன் நான். அன்று கேம் என்றால் சிடி. போட்டால் ஓடும். ஓடாவிட்டால் சட்டையில் துடைத்துப் போட்டால் ஓடும். அந்த நம்பிக்கையில், மலைப்பாதையில் லாரி ஓட்டும் புதுக் கேம் ஒன்றை ஆர்டர் செய்தேன். (“குன்னூர் பஸ்ஸுல கண்ணை மூடிட்டு வர்றவருக்கு லாரி வேறயா?” என்றாள் என் மனைவி லலிதா.)

கொண்டுவந்த கொரியர்காரர் முருகேசன் மஞ்சூர்க்காரர். ஐம்பது வயது. பல வருடமாக எங்கள் தெருவுக்கு வருபவர். சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவரைக் கேட்டிலேயே நிறுத்தினேன். லலிதாவும் பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் போஜனும் சாட்சிகள். பிரித்தால், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அதில் தலையும் காலும் புரியாத எழுத்து வரிசை. சிடி இல்லை.

“சிடி எங்கய்யா?”

“மூடின டப்பாவத்தானுங்க சார் கொண்டாந்தேன். இப்பல்லாம் இப்படித்தான் வருதுன்னு எம்பொண்ணு சொல்லுமுங்க.”

“ஸ்டோர்ஸ்காரனுக்குப் பாடம் எடுக்காதீங்க. முத்திரையைப் பிரிச்சு மறுபடி ஒட்டுறவங்களை நான் சர்வீஸ்ல நிறையப் பாத்திருக்கேன்.”

தெருவே கேட்டது. முருகேசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பிறகு போய்விட்டார். அறிக்கை மூன்று பிரதி எழுதினேன். போஜன் கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டார். ஒரு பிரதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில், ஊட்டியிலுள்ள கொரியர் அலுவலகத்துக்குப் போனது.

அடுத்த வாரம் வேறொரு கொரியர்காரர் வந்தார். “முருகேசண்ணனை விசாரணை முடியற வரைக்கும் வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க. வேலை நிக்குமான்னு தெரியலைங்க.”

அன்று லலிதா டப்பாவை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது: உள்ளே சிடி கிடையாது, சீட்டிலுள்ள குறியீட்டைக் கொண்டு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்.

“ஏனுங்க, டப்பாவைத் திருப்பிப் பாக்கறதுக்கு உங்க ஸ்டோர்ஸ்ல விதி இல்லீங்களா?”

காலி டப்பாவைக் காசுக்கு விற்பவர்களை எந்த விதியில் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்ல மறுநாளே ஊட்டி கொரியர் அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் என் அறிக்கையை என் முன்னாலேயே விரித்தார்.

“‘வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது’ன்னு நீங்கதானுங்க சார் எழுதியிருக்கீங்க. டப்பா எழுத்து மட்டும் போதாதுங்க, கேம் கம்பெனி லெட்டர் கொண்டாங்க, இல்ல கேமையாவது காட்டுங்க.”

கம்பெனிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினேன். பதில் இல்லை. சரி, கேமையே இறக்கிக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் மரம் சாய்ந்தால் இணையம் சாயும். நான்கு நாள் இறங்கியது. இறங்கிய மறுநிமிடம், தவறுகளைத் திருத்தியிருக்கிறோம், மறுபடி இறக்கு என்றது. (தவறோடு சரக்கு அனுப்பியிருந்தால் எங்கள் ஸ்டோர்ஸில் லாரியோடு திருப்பியிருப்போம்.) தினமும் கேமில் ஆஜரானால் பரிசாம். முப்பத்துநான்கு வருடம் ஆஜரானேன், ஒருவரும் ஒரு மிட்டாய் தரவில்லை. லாரிக்கு ஹாரன் தனி விலை. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் இல்லாமல் லாரி விற்கிறவன் மலையைப் பார்த்திருக்க மாட்டான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊட்டி போனேன். மேனேஜர், ஊழியர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வெளியே மழை, உள்ளே இணையம் இல்லை. நான் தனியாக ஓட்டும் லாரி, இணையம் இல்லாமல் நகராது என்று திரையில் வந்தது.

வேறு வழியில்லை. அங்கேயே வெள்ளைத்தாள் வாங்கி, ‘டப்பாவைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு. முருகேசன் மீது குற்றமில்லை’ என்று எழுதினேன். மேனேஜர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் எழுதியதிலேயே மிகச் சிறிய அறிக்கை அதுதான். வேலை செய்ததும் அதுதான்.

திங்கட்கிழமை முருகேசன் வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பார்சலைக் குப்புறத் திருப்பிப் பிடித்து நீட்டினார். “பின்பக்கம் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்.” இன்றும் அப்படித்தான் நீட்டுகிறார். லலிதா மருந்துச் சீசாவைக்கூட அப்படித்தான் தருகிறாள். சம்பந்தி வீட்டாருக்கும் கதை தெரிந்துவிட்டது.

அந்தக் கேமை விளையாட ஆள் சேரவில்லை என்று, டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு கம்பெனி சர்வரை மூடிவிட்டது. ஹாரன் இல்லாத என் லாரியும் மூன்றாவது வளைவிலேயே நின்றுபோனது.

நான் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வந்தது. ‘தங்கள் கேள்விக்கான விளக்கம், கேமுக்குள் இருக்கும் தபால்பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது. திறந்து பார்க்கவும்.’ வந்த நாள், ஜனவரி ஒன்று.