தொழிலாளர் இல்லாத தோட்டம்

மலேசியாவில் ஈஜோக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில் சமத்துவ வாரம் கொண்டாட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு நாகமணியின் முதுகில் மருந்துப் பம்பு ஒழுகியது.

பதினோரு ஆண்டாக அங்கே களைக்கு மருந்து அடிப்பவள் அவள். முதுகு வெந்து கொப்புளித்ததும் கிளினிக்கில் காட்டக் கடிதம் கேட்டு ஆபீசுக்குப் போனாள். தொழிலாளர் நல அதிகாரி செல்வா மரியாதையாக நாற்காலி காட்டினார். அவளால்தான் சாய முடியவில்லை.

"அக்கா, கடிதம் தொழிலாளிக்குத்தான். நீங்க ஆள் எடுத்துக் குடுக்கிற குத்தகைக்காரர் தேவதாஸ்கூட ஒப்பந்தம் போட்டவங்க. சொந்தத் தொழில். மொதலாளி மாதிரி லா!"

"டிராக்டர் ஓட்டுற காளியண்ணன் மட்டும் கிளினிக் போறாரே?"

"அவர் நிரந்தரம். டிராக்டர் ஆம்பளை வேலை."

"பம்பு இருபது கிலோ சார். டிராக்டருக்காவது சக்கரம் இருக்கு."

"பொம்பளைங்க பக்குவமா அடிப்பீங்கன்னு சர்க்குலர்லயே பாராட்டியிருக்கோமே."

"குலை வெட்டுற பங்களாதேஷ்காரரு காலை வெட்டிக்கிட்டாரே, அவருக்கு?"

"அவர் வேற ஏஜெண்டு ஆளு. அவரும் நம்ம தொழிலாளி இல்ல. பாருங்க அக்கா, ஆணு பொண்ணு, இந்த நாடு அந்த நாடுன்னு இங்க வேறுபாடே கிடையாது!"

நாகமணி தன் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பி, கூட மருந்து அடிக்கும் எட்டுப் பெண்களிடம் சொன்னாள். சமத்துவ வாரத்தின் முதல் நாள், தலைமையகத்து ஆட்கள் வரும் நேரம், ஒருத்தியும் வேலைக்கு இறங்கவில்லை. செல்வா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அக்கா, ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது!"

"ஸ்ட்ரைக் தொழிலாளி பண்ணுறது சார். நாங்க மொதலாளிங்க. இன்னிக்குக் கடை அடைப்பு."

செல்வா கிளினிக் கடிதப் படிவத்தை எடுத்தார். படம் எடுக்கப் பெண்கள் வேண்டுமே! படிவத்தில் 'தொழிலாளி', 'விருந்தினர்' என இரண்டே கட்டங்கள். இரண்டாவதில் டிக் அடித்தார். பதினோரு ஆண்டாக வருகை தந்துகொண்டிருந்த விருந்தினருக்குக் கிளினிக்கில் மருந்து கட்டினார்கள். பிறகு அவள் படத்துக்கு நின்றாள். படத்தில் முதுகு தெரியவில்லை.

அன்று மாலையே தோட்டத்துக்கு விருது கிடைத்தது. தொழிலாளர் விபத்து: இல்லை. தொழிலாளர் புகார்: இல்லை. செல்வா பலமாகக் கை தட்டினார்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. தொழிலாளரே இல்லாத இடத்தில் தொழிலாளர் நல அதிகாரி தேவையில்லை என்று கண்டறியப்பட்டதால், இனி அவர் தேவதாஸ் மூலமாக, தேவைப்படும் நாளில் மட்டும், சுதந்திர ஆலோசகராகப் பணியாற்றலாம், வாழ்த்துகள்.

கையெழுத்து போட்ட அம்மையார் தனேஸ்வரி. தலைமையகத்தில் அவருக்கு ஆறு மாத ஒப்பந்தம். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.