தேவாலயத்துக்குள் கூடாரம் காயப்போட்டவன்

நம்மை நம்பி ஒருவர் இடம் கொடுத்தால் அதை நம் வீட்டைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் செய்வதில்லை. நம் வீடு என்றால் ஈரத் துணியை எங்கே போடக்கூடாது என்று அம்மா சொல்லிவிடுவார். அடுத்தவர் இடத்தில் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல்.

கண்டியில் எங்கள் சாரணர் குழுவை ஆதரித்து வந்தது ஒரு தேவாலயம். பின்பக்கத்தில் ஒரு சிறிய அறை, கயிறு கட்டிப் பழக இரண்டு பெரிய மரங்கள், குடிக்கத் தண்ணீர் எல்லாம் அவர்கள் தயவு. ஆனால் குழுவில் கிறிஸ்தவப் பிள்ளை என்று ஒருவர்கூட இல்லை. இருந்தவர்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், நகரத்துக் கடைக்காரர்களின் மகன்களான முஸ்லிம் பையன்கள், சில சிங்களப் பிள்ளைகள். உதவித் தலைவனான நானே ஹந்தானையில் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நிற்கிற ஆள்.

தேவாலயக் கமிட்டியின் செயலாளர் அருமைநாயகம் அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஞாயிறு பாடசாலைக்கு இடம் போதவில்லை, அறையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"இந்தப் பிள்ளையள் எங்கட அறையில இருக்கினம், எங்கட தண்ணியைக் குடிக்கினம். ஒருத்தராவது கோயிலுக்குள்ள முழங்கால்படியிட்டதை நான் காணேல்லை" என்றார் ஒருநாள், என் முகத்துக்கு நேராகவே.

நியாயமான பேச்சுதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அறை போனால் குழுவும் போன மாதிரிதான். கூடாரம், கயிறு, சட்டி பானை வைக்க எங்களுக்கு வேறு இடமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். ஃபாதர் மட்டும் எங்கள் பக்கம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்குப் பிள்ளைகளச் சீருடையோட முன்வாங்குல உக்கார வைங்க தம்பி. ஒழுங்கா இருந்தாங்கன்னா பாதி வேலை முடிஞ்சிரும்" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஹந்தானைக்கு மேலே பாசறை இருந்தது. (நாள் பார்த்து ஏற்பாடு செய்த மேதையும் நான்தான்.) இரவு முழுக்க அடைமழை. மறுநாள் இறங்கி வரும்போது கூடாரங்களைப் பிழிந்தால் ஒரு கிணறு நிரம்பும். அப்படியே மடித்து அறையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். தேவாலய மண்டபத்தில் யாருடைய கல்யாணத்துக்கோ கதிரை அடுக்கியிருந்தார்கள். மின்விசிறியும் அகலமான இடமும் இருந்தது தேவாலயத்துக்குள் மட்டும்தான். ஃபாதரிடம் போய் நின்றேன்.

"சரி, காயப் போடுங்க. காலையில எடுத்துரணும். ரத்தம் குடிக்கிற அட்டை கிட்டை ஒட்டியிருக்கலையே தம்பி?"

"ஃபாதர், நான் தோட்டத்துப் பையன். அட்டையப் பத்தி என்கிட்டயா கேக்கிறீங்க?"

இந்த வசனத்தைச் சொன்னபோது நான் இடுப்பில் கைவைத்திருந்ததாக ஞாபகம். நம்பிக்கை வரட்டும் என்று அவர் முன்னால் இரண்டு கூடாரங்களை உதறியும் காட்டினேன். அவர் போனதும் மிச்சத்தை உதறவில்லை. கை வலித்தது. வாங்குகளின் மேல் வரிசையாக விரித்து, மின்விசிறிகளைச் சுழலவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் கூடாரங்கள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. அட்டைகள் அவற்றில் இல்லைதான். அவை இரவோடிரவாக இறங்கி, முழங்கால் போடுவதற்காக ஒவ்வொரு வாங்குக்கு அடியிலும் வைத்திருந்த பஞ்சு மெத்தைகளில் குடியேறியிருந்தன. மெத்தைகள் ஏன் ஈரமாக இருக்கின்றன என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்தப் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஆராதனை தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் முன்வாங்கில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஜெபத்துக்குச் சபை முழுவதும் முழங்கால்படியிட்டது, எங்கள் ஆட்களைத் தவிர. ஆகவே பக்தியுள்ளவர்களை மட்டும் அட்டைகள் பிடித்துக்கொண்டன.

வேதபாடம் வாசிக்க அருமைநாயகம் அங்கிள் எழுந்து வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை. எனக்குப் பக்கத்திலிருந்த அணித் தலைவன் இம்ரான் உதட்டை அசைக்காமல், "சேர், அங்கிள்ட காலப் பாருங்க" என்றான். பார்த்தேன். வெள்ளைக் காலுறையில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு வசனம் முடிவதற்குள் அது ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு வந்துவிட்டது. அவர் ஒரு காலால் மறு காலைச் சொறிந்தபடி கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். சபையே சொறிந்துகொண்டிருந்தது. கண்டிக்காரர்களுக்கு அந்த அரிப்பு என்னவென்று தெரியாதா? ஆனால் கோயிலுக்குள் யார் முதலில் வாயைத் திறப்பது? ஓர்கன் வாசிக்கும் அன்ரிகூடக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கத் தயாராகிவிட்டார். அறை போச்சு, குழு போச்சு, எனக்காகப் பரிந்து பேசிய ஃபாதரின் மானமும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் சிங்களப் பையன் கசுன் வாங்கிலிருந்து துள்ளி எழுந்து, "சேர்! கூடெல்லெக்!" என்று அலறினான். சிங்களத்தில் அது அட்டை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த கணம் சேலைகளைத் தூக்கிக்கொண்டு பெண்களும், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்களும் வாங்குகளின் மேல் நின்றார்கள். ஃபாதர் அங்கியை முழங்கால்வரை மடித்துப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தோட்டத்துப் பையனே, இப்போது சொல் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை. அட்டையை விரட்டப் பாசறைக்குக் கட்டிக்கொண்டுபோன உப்பு முடிச்சு ஒவ்வொருவன் பையிலும் இருந்தது. இம்ரான் ஒரு விசில் அடித்தான். அவ்வளவுதான், முழுக் குழுவும் வாங்குகளுக்கு அடியில் புகுந்துவிட்டது. மெத்தை மெத்தையாக உப்புப் போட்டு, பிடித்த அட்டைகளை ஒரு டின்னில் சேர்த்தார்கள். கடிபட்டவர்களைக் கதிரையில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டார்கள். (முதலுதவிச் சின்னம் அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். ஓர்கன் அன்ரிக்குக் கணுக்காலில் கடி, கட்டு முழங்கால்வரை.) நான் அருமைநாயகம் அங்கிளின் காலடியில் குந்தி, காலுறையைக் கழற்றி, நன்றாகக் குடித்துக் கொழுத்திருந்த அட்டையை எடுத்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது ஃபாதரின் குரல் ஒலிவாங்கியில் கேட்டது.

"செயலாளர் ஐயா, இந்தப் பிள்ளைங்க ஒருத்தராவது முழங்கால் போட்டதில்லன்னு சொன்னீங்களே. இப்பக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அங்கிள் பார்த்தார். சபை பார்த்தது. நானும் பார்த்தேன். வாங்குகளுக்கு நடுவே எல்லாச் சாரணர்களும் முழங்காலில் இருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். முதலில் ஓர்கன் அன்ரி சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. அருமைநாயகம் அங்கிள் கடைசியாகச் சிரித்தார், ஆனால் அதிக நேரம் சிரித்தார்.

ஆராதனையை இணையத்தில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். கனடாவிலிருந்து அருமைநாயகம் அங்கிளின் மகள் உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பா, ஏன் எல்லாரும் வாங்குக்கு மேல நிக்கிறீங்கள்? அங்க வெள்ளமோ?" என்று கேட்டாராம்.

கமிட்டிக் கூட்டம் முற்றத்தில், நின்றபடியே நடந்தது. உள்ளே உட்கார யாரும் முன்வரவில்லை. அருமைநாயகம் அங்கிள் கட்டுப் போட்ட காலோடு சொன்னார்: "அறை அவையளுக்கே இருக்கட்டும். காலமையில ஞாயிறு பாடசாலை, பின்னேரத்தில சாரணர். ஆனால் கூடாரம் ஒண்டும் உள்ள வரக்கூடாது. இந்தத் தம்பியையும் உதறிப்போட்டுத்தான் உள்ள விடவேணும்." அப்பாடா என்று நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து பறித்தே காலம் கழித்தவர் அவர். "வேலை செஞ்ச காலமெல்லாம் அட்டையோடதான் இருந்தேன். ஒரு நாளாவது வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தேனாடா?" என்றார்.

போன வருடம் கம்பளையில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினோம். அருமைநாயகம் அங்கிள் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு உப்புப் பொதி. புதுவீட்டுக்கு முதலில் உப்புக் கொண்டுவருவது எங்கள் வழக்கம் என்பதால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாருங்க, நம்ம வழக்கமெல்லாம் ஐயா எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காரு!"

"உங்கட வழக்கம் ஒண்டும் எனக்குத் தெரியாது அம்மா" என்றார் அவர். "உங்கட மகன்ர வீட்டுக்கு வாறதெண்டால் கையில உப்பு இருக்க வேணும். அவ்வளவுதான்."

வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா அந்த உப்பை வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டு வாசலுக்குப் போய், நான் காலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த சப்பாத்துகளை எடுத்து உதறிப் பார்த்தார்.