உரிய நீதிமன்றம்

மனைவி மேல் வழக்குப் போட்டே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார் கோர்ட் குமாஸ்தா.

முப்பத்தோரு வருஷமாக சிவில் கோர்ட்டில் மனு வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அவர். வெளிச்சம் எட்டிப் பார்க்காத அறை. கம்பி போட்ட ஒரு சதுர ஓட்டைதான் அவருக்கு ஜன்னல். அதில் தெரிவதெல்லாம் வழக்குப் போட வந்த மூஞ்சிகள். சிரித்த மூஞ்சி ஒன்றைக்கூட அதில் பார்த்ததில்லை. வந்த தாளைப் புரட்டி, சொத்து எந்த எல்லையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கோர்ட்டுக்கு உட்படாதது என்றால் முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'அதிகார வரம்பு இல்லை. உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்க.' மணி நாலடித்தால் பலகையைச் சாத்திவிடுவார். அதற்கப்புறம் யார் தட்டினாலும், எங்கிருந்து நடந்து வந்திருந்தாலும், ஒரே பதில்: "நேரம் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க."

அடுத்த மாதம் ஓய்வு. வீட்டில் நல்ல ஜன்னல் இருக்கிற அறை ஒன்றே ஒன்று. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து காலி. அங்கே ஒரு நாற்காலி, கொஞ்சம் வெளிச்சம், தெருவில் போகிற வருகிற சனம். மிச்ச வாழ்க்கைக்கு அவர் கேட்டது இவ்வளவுதான். நேற்று சாயங்காலம் வந்து பார்த்தால், அங்கே மனைவியின் தையல் மெஷின் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது!

"ஏம்மா, என்ன இது?"

"தையல் மெஷின்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"இங்கதான் வெளிச்சம் இருக்கு. ஊசியில நூல் கோக்க வேணாமா?"

"அப்ப ரிட்டயர் ஆனதும் நான் எங்க உக்கார்றது?"

"முப்பது வருஷமா உக்காந்துதானே இருந்தீங்க? கொஞ்ச நாள் நின்னு பாருங்க."

சட்டத்தோடு பழகியவருக்கு இது பொறுக்குமா? கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் பூந்தொட்டிகளை அதட்டிக்கொண்டிருந்தவர், இரண்டு பேரும் கட்டுப்படுவதாக இருந்தால் விசாரிக்கிறேன் என்றார். குமாஸ்தா மூன்று பக்கத்துக்கு மனு எழுதினார். அறைக்கு நான்கெல்லையும் குறித்தார்: வடக்கே சமையலறை, தெற்கே தெரு, கிழக்கே குளியலறை, மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர்.

மனைவி உடனே சரி என்றாள். அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை. மனைவி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். உள்ளே பலகாரம் என்று நினைத்து நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"ரூமைப் பத்தி அப்புறம் பேசலாம் ஐயா. இந்த வீட்டு விஷயத்துல பேச இவருக்கு வரம்பு இருக்கான்னு முதல்ல பாருங்க."

டப்பாவைத் திறந்தாள். உள்ளே கட்டுக் கட்டாகப் பழைய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் முத்திரை.

கல்யாணமான புதிதில், கோர்ட்டில் கழித்துப்போட்ட பழைய 'அதிகார வரம்பு இல்லை' முத்திரை ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மனைவி மேஜையில் எழுதி வைக்கிற சீட்டுகளில் அதை விளையாட்டாகக் குத்தினார். முதல் தடவை அவளும் சிரித்தாள். விளையாட்டு வழக்கமானது. வழக்கம் இப்போது வழக்காகி வந்து நின்றது.

நீதிபதி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "'குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடணும்.' முத்திரை. 'ஸ்கூல்ல அப்பாவும் வரணுமாம்.' முத்திரை. 'எலி.' அதுக்குமா முத்திரை?"

"அதுக்கும்தான் ஐயா."

"எலி என்னாச்சு?"

"என் வரம்புக்குள்ள வந்துச்சு. நான்தான் அடிச்சேன்."

அடுத்த சீட்டை நீதிபதி மெதுவாகப் படித்தார். "'எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். நாளைக்கு என்கூட வர்றீங்களா?'"

இந்தத் தடவை அவர் முத்திரையைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குமாஸ்தாவுக்கு அந்தச் சீட்டு ஞாபகமே இல்லை. படிக்காமலே குத்தியிருப்பார்; கவுண்டரிலும் பாதி அப்படித்தான். அவள் தனியாகப் பஸ் ஏறிப் போனது ஞாபகம் இருந்தது. நாலு நாள் கழித்துத் தனியாகவே திரும்பி வந்ததும், வந்து உலை வைத்ததும் ஞாபகம் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா வீட்டுல தனக்கு அதிகாரம் இல்லைன்னு இவரே முத்திரை குத்திக் குடுத்திருக்காரு. அப்ப வீடு மொத்தமும் என் வரம்புதானே ஐயா?" என்றாள் மனைவி. சட்டென்று டப்பாவை மூடிவிட்டாள்.

"அப்ப என் மனு தள்ளுபடியா ஐயா?" என்று முனகினார் குமாஸ்தா.

"தள்ளுபடியெல்லாம் துணிக்கடையில கேளுங்க" என்றாள் அவள்.

"தள்ளுபடி இல்லப்பா. திருப்பித் தர்றேன்" என்றார் நீதிபதி. "இதைத் தீர்க்க எனக்கும் வரம்பு இல்ல. உரிய நீதிமன்றத்துல தாக்கல் பண்ணு."

"அது எங்க ஐயா இருக்கு?"

நீதிபதி மாடியைக் கை காட்டினார். அவள் ஏற்கனவே படியேறிக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா பாதிப் படியில் உட்கார்ந்தார். மூன்று பக்கத்தையும் ஒரே கோடாக அடித்தார். பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். அறை வேண்டாம், நாற்காலி வேண்டாம். அந்தச் சீட்டுக்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் மனுவைப் புரட்டிய கைக்கு, சொந்த மனுவில் ஒரு வரி எழுத வெகுநேரம் பிடித்தது.

மேலே வந்தபோது ஜன்னல் அறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்தது. தட்டினார். மெஷின் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. பின்னால் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. நடுவில் அவள் முகம். அவர் இரண்டு கையாலும் தாளை நீட்டினார்.

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி நாலாயிடுச்சு. நேரம் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க."