மீனம்பாக்கம் போய் வந்தவர்

எந்த ஊருக்கும் போகாதவரோடு நிம்மதியாகப் பேசலாம். எல்லா ஊருக்கும் போனவரோடும் பேசலாம். ஒரே ஒரு ஊருக்கு ஒரே ஒரு முறை போய் வந்தவர் இருக்கிறாரே, அவரிடம் மட்டும் அகப்பட்டுக்கொள்ளாதீர்கள். ‘போய் வந்தவர்’ என்பது தனி இனம். காசி போய் வந்தவர் அந்தப் படித்துறையை விட்டு ஏறவே மாட்டார். பம்பாய் போய் வந்தவர் பெரம்பலூர் டவுன் பஸ்ஸில் தொங்கும்போதும் மின்சார ரயிலைப் பற்றித்தான் பேசுவார். குன்னத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சாமிதுரை, மீனம்பாக்கம் போய் வந்தவர்.

விமானம் ஏறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மைத்துனர் இராமலிங்கத்தின் மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி படுத்தார். அவ்வளவுதான். முதல் ராத்திரி, நல்ல தூக்கத்தில், வயிற்றுக்கு நேர் மேலே ஒன்று இரைந்துகொண்டு இறங்கியது. சாமிதுரை பாயோடு எழுந்து மாடிப்படியில் நாலு படி உருண்டார். மைத்துனர் புரண்டுகூடப் படுக்கவில்லை. விடிந்ததும் டீக்கடையில் யாரோ ஒரு புண்ணியவான், “வெளிநாட்டுல பல ஊர்ல ராத்திரி ப்ளேன் ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாதுன்னு தடை இருக்காம் சார், ஜனங்க தூங்கணுமாம்” என்று சொல்லித் தொலைத்தார். மெட்ராஸிலிருந்து ஆளுக்கொன்று வாங்கி வருவார்கள். நம்மவர் இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து குன்னத்தில் பஞ்சர் ஒட்ட வந்த அத்தனை பேரும் விமானப் போக்குவரத்தில் தேர்ச்சி பெற்றார்கள். சொல்யூஷன் காயும்வரை எங்கே ஓடுவது?

“அண்ணே, வெங்காயம் இன்னிக்கி என்னா வெலை போவுது?” என்று கேட்பான், டியூபைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குந்தியிருக்கும் அமாவாசை.

“வெலை கெடக்கட்டும்டா. அதை ராத்திரி லாரியில ஏத்துறானுங்க பாரு, என்னா சத்தம்! வெளிநாட்டுல ப்ளேனே ராத்திரி எறங்கக் கூடாது, தெரியுமா?”

“நம்மூர்ல ப்ளேன் எங்கண்ணே எறங்குது?”

“எறங்குறதுக்கு முந்தியே சட்டம் போட்டுடணும்டா. எறங்கிட்டா பொறவு எவன் கேப்பான்?”

குன்னத்துக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் மின்மினி போலப் போகும். அதையும் நிமிர்ந்து முறைப்பார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவர் மனைவி செங்கமலத்தைக் கேளுங்கள். மகள் மலர்க்கொடிக்கு ரஞ்சன்குடியிலிருந்து வந்த சம்பந்தம், மாப்பிள்ளை மைக் செட் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக இவரிடம் பேச்சு வாங்கி, காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டது. இப்போது அதே இராமலிங்கம் இன்னொன்று கொண்டுவந்திருக்கிறார். திருமழபாடி உத்திராபதியின் மகன் தர்மன். மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை, நிரந்தரம். அதுவும் ராத்திரி ஷிப்ட். உறவுக்காரர் கல்யாணத்தில் ஒருமுறை அவனைப் பார்த்திருந்த மலர்க்கொடி, கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டாள்.

பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கமலம் புருஷனை வழிமறித்தாள்.

“ஏங்க, அந்தப் புள்ள ராத்திரி ப்ளேன் வந்தாத்தான் சம்பளம் வாங்கும். இன்னிக்கி ஒரு நாளு அந்தப் பேச்சை எடுக்காம இருங்க.”

“நான் என்னா சின்னப் புள்ளையாடி?”

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பேச்சு மழையில் ஆரம்பித்தது. மழை மேகமாயிற்று, மேகம் வானமாயிற்று. சாமிதுரையின் உதடு துடித்ததைச் செங்கமலம் பார்த்துவிட்டாள். பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒன்றை வாயில் போட்டார், வானம் கலைந்தது. பேச்சு பருத்திக்குப் போய், பருத்தியிலிருந்து மில்லுக்குப் போய், மில்லின் இரைச்சலுக்கு வந்தது. மறுபடி தட்டு. மறுபடி பஜ்ஜி. இப்படியே அவள் ஒரு கல்யாணத்தைக் கடலை மாவால் கட்டிக் காத்து வந்தாள். ஆனால் எந்தத் தட்டும் ஒருமுறை காலியாகத்தானே வேண்டும்? அடுத்த ஈடு எடுத்துவர அவள் அடுப்படிக்குள் நுழைந்த நேரத்தில் உத்திராபதி கொட்டாவி விட்டார்.

“ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லீங்க. எங்கூருல திருவிழா. விடிய விடிய மைக் செட்டு.”

“அப்படிச் சொல்லுங்க!” சாமிதுரை எழுந்தே நின்றுவிட்டார். “மைக் செட்டு என்னாங்க மைக் செட்டு, வெளிநாட்டுல ராத்திரி ப்ளேனே எறங்கக் கூடாது! நம்ம நாட்டுலயும் அத்தனையையும் நிறுத்தணும். முதல்ல மீனம்பாக்கத்துல நிறுத்தணும்!”

அடுப்படியில் சட்டுவம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இராமலிங்கம் விட்டத்தை எண்ணினார். உத்திராபதி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நிறுத்திட்டா எம்மவன் என்னாங்க பண்ணுவான்? எங்கூட நாத்துக்கட்டு தூக்குவானா?”

மடியில் இருந்த துண்டு தோளுக்கு ஏறியது. கதவுக்குப் பின்னால் மலர்க்கொடியின் வளையல் சத்தம் அடங்கிப்போயிற்று. ரஞ்சன்குடிக்காரர்களும் இப்படித்தான் துண்டை உதறினார்கள். செங்கமலத்துக்கு அது மறக்கவில்லை.

அப்போதுதான் தர்மன் தொண்டையைச் செருமினான்.

“இருப்பா, மாமா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா ராத்திரிச் சத்தம் என்னை ஒண்ணும் பண்ணலீங்க மாமா, நான்தான் முழிச்சிருக்கேனே. காலைல ரூமுக்கு வந்து படுத்தாத்தான், தலைக்கு மேல ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துகிட்டே இருக்கு, கண்ணசர முடியலை. பகல்ல ப்ளேனை நிறுத்துறதுக்கு வெளிநாட்டுல ஏதும் சட்டம் இருக்குங்களா?”

செங்கமலம் சட்டத்தைக் கேட்கவில்லை. அதில் இரண்டுமுறை வந்த ‘மாமா’வைத்தான் கேட்டாள்.

சாமிதுரை கட்சி மாறினார். ஒரே கணம்தான்.

“இல்லாமயா போயிடும் மாப்ளே? இல்லேன்னா போட்டுடுவோம்!”

முதலில் சிரித்தவர் உத்திராபதி. துண்டு மெல்ல மடிக்கு இறங்கியது. சூடான பஜ்ஜி வந்தது. ஐப்பசியில் நாள் குறித்தார்கள்.

இப்போது கடைப்பக்கம் போனால் நீங்களே கேட்கலாம்.

“பட்டப்பகல்ல ப்ளேன் ஓட்டுறான் பாரு, என்னா அநியாயம்! ராத்திரியெல்லாம் ஒழைச்சவன் தூங்க வேணாமா?”

“போன மாசம் ராத்திரிதான் ஓட்டக் கூடாதுன்னீங்களேண்ணே?” என்பான் அமாவாசை.

“அப்ப நமக்கு மாப்ளே இல்லியேடா!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து “நான் அங்கே போயிருந்தப்ப...” என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டில் ஏன் பலகாரத் தட்டு உங்கள் பக்கமே நகர்கிறது? பாசம் என்றா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?