கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாமியார்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நம்மவருடைய நிம்மதிக்கு மரண அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

நகரசபை நோட்டீஸ். "இத்தெருவின் முனையில் உள்ள காலி மனையைப் பொது நடைபாதையாக மாற்றி, கால்வாயின் குறுக்கே நடைபாலம் அமைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்." கீழே ஒரு முத்திரை. அது காகிதத்தில் பாதிதான் விழுந்திருந்தது. நம்மவர் நெஞ்சில் முழுசாக விழுந்தது.

தெருவில் மற்றவர்களும் படித்தார்கள். "ம்" என்றார்கள். போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன? அவர்களுடைய மாமியார்கள் எல்லாம் எங்கெங்கோ இருக்கிறார்கள். நம்மவருடைய மாமியார் கால்வாய்க்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறார்.

கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். கால்வாயின் அகலம் முப்பது அடி. மொட்டை மாடியில் நின்றால் மாமியார் வீட்டுக் கொடியில் எத்தனை துணி காய்கிறது என்று எண்ணிவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பெரிய சாலைக்கு நடந்து, ஒரு பஸ் பிடித்து, ரயில்வே கேட்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஊரைச் சுற்ற வேண்டும். மாமியாருக்கு இரண்டு முட்டியும் வலி. பஸ் படி ஏற மாட்டார். ஆக, கையசைக்கும் தூரம், கால் வைக்க முடியாத தூரம். மாமியாரும் மருமகனும் சுமுகமாக இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

இந்த வீட்டை வாங்கும்போது தரகர் தலையைச் சொறிந்துகொண்டு, "பின்னாடி கால்வாய் சார், கொசு வரும், சில நாள் வாடை வரும், அக்கரைக்குப் போக வழியும் கிடையாது" என்று குறைகளை அடுக்கினார். கடைசிக் குறையைக் கேட்டதும் நம்மவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

மாமியார் கெட்டவரா என்றால், இல்லவே இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம். அவர் முப்பத்து நான்கு வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற செய்தி பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. முட்டி நன்றாக இருந்த காலத்தில் ஒருமுறை வந்து பத்து நாள் தங்கினார். அந்தப் பத்து நாளும் நம்மவர் ஐந்து மணிக்கு எழுந்தார், முதுகை நிமிர்த்திச் சாப்பிட்டார், நகத்தை நீட்டிக் காட்டினார். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கடிதங்களை மாமியார் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். பத்தாம் நாள் பாத்ரூமுக்குப் போவதற்கு நம்மவர் தன்னையறியாமல் ஒற்றை விரலைத் தூக்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. போன மழைக்காலத்தில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். போன் அடித்தபடியே இருந்தது, எடுக்க ஆளில்லை. மனைவி மொட்டை மாடியில் நின்று "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சாத்திய கதவுதான் தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அதுவரை அந்த அம்மாள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. நம்மவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மாமியார் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார். அக்கரையில் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டீஸைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். மனைவி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துல என்னமோ ஒட்டியிருக்காங்க போல," என்றார் பேச்சுவாக்கில்.

"பார்த்தேன்."

"பாலமாம்."

"ஆமாமாம்."

"நல்லதுதானே, ஜனங்களுக்கு." குரல் கம்மியது.

"நல்லதோ கெட்டதோ, நமக்கென்ன? நீங்க பாட்டுக்கு எதையாவது எழுதிப்போட்டு வம்பை விலைக்கு வாங்காதீங்க. நகரசபையை எதிர்த்து உங்களால என்ன செய்ய முடியும்?"

இந்தக் கேள்வியை அவள் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். நம்மவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை பார்ப்பவர். நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களில் குறை கண்டுபிடிப்பது. எரிந்துபோன கடையின் சாம்பலில்கூடக் குறை கண்டுபிடிப்பார். ஒரே ஒரு குறையை மேலதிகாரி ஒப்புக்கொண்டால் போதும், அந்த மனுவின் கதை முடிந்தது. கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். ஆபீஸில் அவருக்குச் செல்லப் பெயரே "ஓட்டை".

"என்னால என்ன செய்ய முடியுமா? பார்க்கறியா?"

"வேண்டாங்க. எங்கம்மா வந்துடக் கூடாதுன்னுதான் எழுதறீங்கன்னு யாராவது சொல்லுவாங்க."

"சேச்சே! அத்தைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் பொதுமக்கள் பாதுகாப்பைப் பத்தி எழுதப் போறேன்!"

"ஓ, பொதுமக்கள் பாதுகாப்பா? அப்ப எழுதுங்க," என்று டீயை நீட்டினாள். சர்க்கரை வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூடுதல். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அது மட்டும் உறைக்கவில்லை.

அன்று மாலையே மனைவி நகரசபைக்குப் போய்ப் பாலத்தின் வரைபட நகலை வாங்கி வந்து மேஜைமேல் விரித்தாள். "கண்ணால பார்த்து எழுதினாத்தானே பொருத்தமா இருக்கும்?"

நம்மவர் பார்த்தார். இந்தப் பக்கம் செங்குத்தாகப் பத்துப் படி. நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு சிமெண்ட் பலகை. அந்தப் பக்கம் பத்துப் படி. கைப்பிடி இல்லை. விளக்கு இல்லை. முட்டி வலிக்காரர் யாரையாவது அந்தப் பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினால், அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார். வேறு மருமகனாக இருந்தால் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூங்கப் போயிருப்பான். நம்மவருக்குத் தொழில்புத்தி விடுமா? குறையைக் கண்டதும் எதற்காகப் பார்க்க உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிட்டது.

"கைப்பிடி எங்கே? கைப்பிடியே இல்லையே!" என்று துள்ளினார்.

"ஐயோ, ஆமாங்க! வயசானவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாங்க?"

"அப்படியே எழுதறேன். 'வயதானவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்?'"

"முட்டி வலிக்காரங்க இத்தனை படி எப்படி ஏறுவாங்க?"

"முட்டி வலி! பிரமாதம்! எனக்கு இது தோணவே இல்லை பாரு."

"எனக்கென்னமோ தோணுச்சு," என்றாள் மனைவி அடக்கமாக.

முதல் கடிதம் போனது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது." ஒரே வரி.

நம்மவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் பரணில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லா ஆபீஸும் தன் ஆபீஸ் மாதிரிதான் என்று அவர் நினைத்தார், பாவம்.

"பாலம் முடிஞ்சுதாங்க?"

"பாதி உயிர் போச்சு. இன்னும் நாலஞ்சு கடிதம் போட்டா அடக்கமே பண்ணிடலாம்."

"அப்ப நிறுத்தாதீங்க. இருட்டின அப்புறம் வெளிச்சத்துக்கு எங்க போறது? மழை பெஞ்சா வழுக்காதா? நடுவழியில மூச்சு வாங்கினா உட்கார இடம் வேண்டாமா?"

"இரு, இரு, மெதுவா சொல்லு. எழுதணுமில்லே?"

நாலு நாளைக்கு ஒன்றாகக் கடிதங்கள் போயின. இதற்கு நடுவில் நம்மவர் சொந்தமாகவும் ஒரு ஆட்சேபணை யோசித்தார்: பாலம் வந்தால் கால்வாய்த் தவளைகளின் நிம்மதி கெடும். மனைவி, "அது வேண்டாங்க, சிரிப்பாங்க," என்று அடித்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த மாதம் தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சமர்த்தாகத்தான் இருந்தன. கெட்டுக்கொண்டிருந்த வாய் வேறு.

மொத்தம் ஆறு கடிதம். ஆறுக்கும் "ஏற்கப்பட்டது". ஆபீஸில் எல்லாருக்கும் நம்மவர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் காலி மனையில் அளவு நாடாவோடு நாலு பேர் நின்றார்கள். நம்மவர் செருப்பை இடம் வலமாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். மனைவியும் பின்னாலேயே வந்தாள். நகரசபை இன்ஜினியர் ஒரு இளம்பெண். பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்கதானா அது! உங்களைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்க கடிதத்தைப் படிச்சோம்."

"எல்லாத்தையும்தான் ஏத்துக்கிட்டீங்களே. அப்புறம் எதுக்கு அளக்கறீங்க?"

"ஏத்துக்கிட்டதாலதான் சார் அளக்கறோம்!"

புதுப் படத்தை விரித்தாள். படிக்கட்டு போய்விட்டது, குழந்தைகூட ஏறுகிற மாதிரி நீளச் சாய்தளம். இரண்டு பக்கமும் கைப்பிடி. எட்டு விளக்கு. மேலே கூரை. நடுவில் சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு.

"நாங்க ஏதோ பேருக்கு ஒரு படிக்கட்டுப் பாலம் போட்டிருந்தோம் சார். நீங்க ஒவ்வொண்ணாக் கேக்கக் கேக்க, மேலிடத்தால எதையும் மறுக்க முடியலை."

"அம்மா, தாயே, எனக்குப் பாலமே வேண்டாம்மா!"

இன்ஜினியர் பெண் குழம்பினாள். கோப்பைப் புரட்டினாள். "அப்படி எங்கயும் எழுதலையே சார்? எதைப் பிடிச்சு நடப்பாங்க, எப்படி ஏறுவாங்க, எங்க உட்காருவாங்க... பாலத்துல நடக்கறவங்களைப் பத்தித்தானே ஆறு கடிதமும் இருக்கு?"

நம்மவர் வாயைத் திறந்தார். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் அதற்கு ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பியிருந்தார்.

அடுத்த நான்கு மாதம் நம்மவர் பட்ட பாட்டை எழுதினால் காகிதம் நனைந்துவிடும். காலி மனையில் ஜல்லி கொட்டினார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கம்பி கட்டினார்கள், தூக்கம் போயிற்று. மழை வந்து வேலை கெடாதா என்று வானத்தைப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. கொத்தனார்கள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பொதுவேலை ஒன்று குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக முடிந்ததை அவர் ஆயுளில் அன்றுதான் பார்த்தார்.

பாலம் திறந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடியில் நின்றார். அக்கரையிலிருந்து ஒரு கைத்தடி கிளம்பியது. மாமியார் சாய்தளத்தில் ஏறினார். கைப்பிடியைப் பிடித்தார். நடு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தான் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வேலை செய்வதை நம்மவர் கண்ணாரப் பார்த்தார். அதற்குள் மனைவி இந்தக் கரையிலிருந்து ஓடினாள். ஐம்பதை நெருங்குகிறவள், பள்ளிக்கூடம் விட்ட சிறுமிபோல ஓடினாள். அம்மாவும் மகளும் பாலத்து நடுவில் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். நம்மவருக்கும் கண் கலங்கியது. அதில் எவ்வளவு அவர்களுக்காக, எவ்வளவு தனக்காக என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாமியார் உள்ளே வந்து மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க கடிதமெல்லாம் அந்த இன்ஜினியர் பொண்ணு காட்டினா மாப்பிள்ளை. என் முட்டியைப் பத்தி எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்க! எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தாக்கூட இப்படி எழுதியிருப்பானான்னு தெரியலை. உங்களை நான்தான் தப்பா எடை போட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அத்தை..."

"பத்துக்கு ஒன்பது போடலாம். ஒற்றுப்பிழைக்கு ஒண்ணு குறைச்சுட்டேன். பரவாயில்லை, இனிமே நான் தினமும் வருவேன், சரி பண்ணிடலாம். கூன் போடாம நில்லுங்க."

நின்றார்.

மாலையில் மாமியார் விளக்கு வெளிச்சத்தில் சௌகரியமாகத் திரும்பிப் போனதும், நம்மவர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். ஒரு நாளிலேயே பத்து வயசு கூடியிருந்தது.

"ஏம்மா, உனக்குப் பாலம் வேணும்னா நீயே நகரசபைக்கு எழுதியிருக்கலாமே. என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினே?"

"எழுதினேனே. அம்மா விழுந்த மறுநாளே எழுதினேன். மூணு கடிதம். வேணும்னு எழுதினா ஃபைல்ல வச்சு மறந்துடுவாங்களாம். ஆட்சேபணைன்னு வந்தாத்தான் கட்டாயம் பதில் சொல்லணுமாம், படத்தைத் திருத்தணுமாம், வேலை நகருமாம்."

"அப்ப நான் ஒண்ணும் எழுதாம இருந்திருந்தா?"

"அந்த நோட்டீஸ் மழையில கரைஞ்சு போயிருக்கும். அங்க இருந்த கிளார்க்கம்மா நல்லவங்க. 'விடாம குறை சொல்ற ஆள் யாராவது தெருவில இருந்தா தேடிப் பாருங்க, ஆறே மாசத்துல பாலம் வந்துடும்'னு காதோட சொன்னாங்க." மனைவி அவருக்கு டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாள். "அதுக்கு நான் எதுக்குங்க தெருவெல்லாம் தேடணும்?"