மிதக்கும் நகரத்துக்குச் சாக்கடை வேண்டுமா?

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் அன்போடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருக்க வேண்டும்; கேட்டால் பதில் வருவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். மேகத்தில் மிதக்கும் நகரம், இரண்டு நிலா, இறக்கை வைத்த குதிரை. சாப்பிட்ட பிறகு தினமும் படித்துக் காட்டுவாள், நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். காலமெல்லாம் பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதித்து ஓய்வு பெற்றவன் இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை பேர் மேலே குடியிருக்கிறார்களே, கழிவுநீர் எங்கே போகிறது, கீழே நிற்கிறவன் கதி என்ன என்று கேட்டுவிட்டேன். அது வேறு உலகம், அங்கே அந்தத் தொல்லையே கிடையாது என்றாள். எந்த உலகமானாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும், கொஞ்சமாவது நம் பூமி மாதிரி இருந்தால்தான் படிக்கிறவர்கள் நம்புவார்கள் என்று நான் விடாப்பிடியாக நிற்க, பாவம், அவளும் மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் குழாய் பதித்தாள். பதிப்பாசிரியர் போன் செய்து, இது நாவலா டெண்டரா என்று கேட்டுவிட்டார். அதில் அவளுக்கு என் மேல் வந்த கோபம் ஒருவழியாக ஆறிய நேரத்தில் ஐந்தாம் அத்தியாயம் வந்தது. அதில் அந்த நகரத்து அரசன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். அதோடு விட்டானா? ராணியோடு சண்டை என்றதும் தானே முதலில் போய், தப்பு என் மேல்தான் என்கிறான். குதிரைக்கு இறக்கை முளைத்தபோதுகூடச் சும்மா இருந்த நான், இது மட்டும் நம்பும்படி இல்லையே என்றேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. மூடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஆகாயத்துல சாக்கடை போடறதுக்கு முன்னாடி, நம்ம வீட்டு சிங்க்ல தண்ணி நிக்குதே, அதைப் பாருங்க." அதை அவள் பல வருடமாகச் சொல்கிறாள்தான். நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, அந்த அரசனுக்கு நான் என்ன இளைத்தவனா என்று நேற்று தட்டு கழுவப் போனேன். சிங்க் நிரம்பி வழிந்து சமையலறையே குளமாகிவிட்டது. அவள் வந்து பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள்.

மச்சான், சாப்பாடு முடிந்ததும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. என் வாயால் அந்தக் கதை பாதியில் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. ஆகவே நீங்கள் போன் போட்டு அவளுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும். தப்பு யார் மேல் என்ற பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் சீரும் சிறப்புமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் சிங்க்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய்க்குச் சரிவே இல்லை, பதித்தவன் நான்தான். கழற்றிச் சரியாக மாட்டிவிட்டு, அழுக்குக் கையோடு அவள் எதிரில் போய் நின்று, "தப்பு என் மேலதான்" என்றேன். என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "இதை எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று மடிக்கணினியைத் திறந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரிக்குள் ஆறாம் அத்தியாயத்தை எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். பிரமாதம். ஒரே ஒரு சின்னச் சந்தேகம்தான் கேட்டேன்: அந்தக் குதிரை பறக்கும்போது சாணி போட்டால் கீழே யார் அள்ளுவது? தயவுசெய்து உடனே கிளம்பி நேரில் வரவும்.